கம்பெனிக்கு முன்னால் போன விரல்

1. போர்டு

பந்தல்குடி சாலையில் இருந்த அந்த ஆலையின் போர்டில், புது வெள்ளைப் பெயின்டுக்கு அடியில் பழைய பெயர் தெரிந்தது. காலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும். மேலே ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர், பின்னால் 'இந்தியா பிரைவேட் லிமிடெட்'. பழைய பெயர் அருப்புக்கோட்டைக் கடைவீதிக் குடும்பம் ஒன்றின் குலதெய்வத்தின் பெயர்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மதுரை நாளிதழ் ஒன்றின் அருப்புக்கோட்டை நிருபர் வேலையை விட்டுவிட்டு, சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் களப் பணியாளராகச் சேர்ந்திருந்தேன். பன்னாட்டு நிறுவனங்கள் சிறு ஊர்களில் துணை நிறுவனம் தொடங்கினால் அங்கே புதிதாக எத்தனை பேருக்கு வேலை கிடைக்கிறது என்பது ஆய்வின் கேள்வி. எனக்குத் தெரிந்த ஊர் என்பதால் இந்த ஆலையை எனக்குக் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிப் பஞ்சு செய்யும் ஆலை அது. பஞ்சை வெளுத்து, கார்டிங் மெஷினில் சிக்கெடுத்து, நீலத் தாளோடு சேர்த்து ரோலாகச் சுற்றுவார்கள். பங்காளிகளுக்குள் ஒத்துவராமல் குடும்பம் விற்றுவிட்டது. பெர்சனல் மேனேஜர் சென்னைக்காரர். டீ வரவழைத்துக் கொடுத்து, தொழிலாளர்களிடம் தனியாகப் பேச ஒரு அறையும் ஒதுக்கினார். "யாரை வேணும்னாலும் கேளுங்க. இங்க மறைக்க ஒண்ணும் இல்ல" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை.

2. முகூர்த்தம்

'இந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தீர்கள்?' என்பது கேள்வித்தாளின் முதல் கேள்வி. வந்தவர்கள் எல்லாரும் ஒரே நாளைச் சொன்னார்கள்.

கேட்டதில் விஷயம் தெரிந்தது. ஆலை கைமாறுவதற்குப் பழைய முதலாளி ஜோசியரிடம் நாள் குறித்திருக்கிறார். வளர்பிறை முகூர்த்தம். அன்று காலையில் எல்லாரிடமும் ராஜினாமா வாங்கி, வாசலில் பூசணிக்காய் உடைத்து, சர்க்கரைப் பொங்கல் கொடுத்திருக்கிறார்கள். இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள் கையில் புதுக் கம்பெனியின் வேலை உத்தரவு. அதே ஆள், அதே மெஷின். நல்ல நேரத்தில் முடிந்ததே என்பதுதான் எல்லாருடைய பேச்சாகவும் இருந்தது.

கார்டிங் பிட்டர் செபஸ்தி கடைசியாக வந்தார். திருச்சுழிப் பக்கத்துக்காரர். இடது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. அவரும் முகூர்த்த நாளையே சொன்னார். விரல் எப்போது போனது என்று கேட்டேன்.

"அது பெரிய முதலாளி இருக்கும்போது சார். எனக்குக் கல்யாணமே ஆகல."

"அப்ப நீங்க இங்க ரொம்ப வருசமா இருக்கீங்க."

"இருக்கேன். அதுக்காக அத எழுதிராதீக. காரியாபட்டியில இருந்து எம் மகளைப் பொண்ணு கேட்டு வாராக. அவுக நாலு பேருகிட்ட விசாரிப்பாகள்ல? பாரின் கம்பெனியில சேந்திருக்கேன்னு சொல்லியிருக்கு. பஞ்சு மில்லுல கெடந்து விரலைக் குடுத்தவன்னு சொன்னா எவன் வருவான்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் மட்டுமல்ல, பாதிப் பேர் அந்த வெளிநாட்டுப் பெயரை ஒரு புதுச் சட்டையைப் போலப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்திரிகை வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஆள் சொன்னதை ஒரு பக்கம் எழுதுவோம், கண்ணால் பார்த்ததை ஓரத்தில் எழுதுவோம். கட்டத்தில் முகூர்த்த நாள், மார்ஜினில் விரல். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் மார்ஜினில் ஏதோ ஒன்று இருந்தது.

3. மார்ஜின்

சென்னையில் எங்கள் டைரக்டரிடம் இதைச் சொன்னேன். படித்த மனிதர், கோபப்படாதவர். பழைய கம்பெனியின் பங்குகளை வாங்கியிருந்தால் அது கைமாற்றம், அந்த வேலைகள் புதியவை ஆகாது என்று விளக்கினார். இவர்கள் கம்பெனியை வாங்கவில்லை. நிலம், கட்டடம், மெஷின் மட்டும் வாங்கியிருக்கிறார்கள். ஆட்களைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள். ஆகவே புது முதலீடு, புது வேலைவாய்ப்பு.

"ஆளுங்க பழைய ஆளுங்கதான் சார்" என்றேன்.

"இருக்கலாம். முதல் கேள்விக்கு அவங்களே என்ன பதில் சொல்லியிருக்காங்க?"

மார்ஜினைக் காட்டினேன். பார்த்தார். "இது நல்லா இருக்கு. ஆனா இதுக்குக் கோட் நம்பர் இல்லையே. கம்ப்யூட்டர்ல ஏறாது."

ஏறவில்லை. அறிக்கை நல்ல தாளில் அச்சாகி வந்தது. வறண்ட வட்டாரம் ஒன்றில் வெளிநாட்டு முதலீடு முழுவதும் புதிய வேலைகளை உருவாக்கியதற்கு எங்கள் ஆலை ஓர் உதாரணம். கம்பெனி பல பிரதிகள் வாங்கிக்கொண்டது.

4. கடைசியாக வந்தவர்

சில வருடங்களில் தானியங்கி கார்டிங் மெஷின் வந்தது. ஆட்குறைப்பு. இதில் ஒரு பழைய விதி உண்டு: கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும். நீண்ட நாள் வேலை பார்த்தவனுக்கு இருக்கும் ஒரே வேலி அதுதான். இங்கே எல்லாரும் ஒரே முகூர்த்தத்தில் சேர்ந்தவர்கள். மூத்தவன் இளையவன் கிடையாது. மேனேஜர் தனக்குத் தோன்றியபடி நீக்கலாம். வயதானவர்களை நீக்கினார். முதல் பெயர் செபஸ்தி.

விருதுநகரில் தொழிலாளர் அலுவலர் முன்பு சமரசப் பேச்சு நடந்தது. செபஸ்தி கேட்டுக்கொண்டதால் நானும் போனேன். பழைய சர்வீஸையும் சேர்த்துப் பார்த்தால் அவர்தான் மூத்தவர், அவரை நீக்க முடியாது என்பது தொழிலாளர் பக்கத்து வாதம். எல்லாரும் புதிதாகச் சேர்ந்தவர்களே என்பதற்குக் கம்பெனி வக்கீல் எங்கள் அறிக்கையை எடுத்து வைத்தார். கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஆய்வாளர்கள், தனியறையில், தொழிலாளர்களிடமே நேரில் கேட்டு எழுதியது என்றார். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

கேள்வித்தாள்களின் மார்ஜினைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். அலுவலர் கேட்டனுப்பினார். எங்கள் நிறுவனம் மறுத்துவிட்டது. பதில் சொன்னவர்களின் விவரங்களை வெளியே தருவதில்லை என்று அவர்களுக்கே வாக்குக் கொடுத்திருந்தோமாம். செபஸ்தியின் ரகசியம் செபஸ்தியிடமிருந்து காப்பாற்றப்பட்டது.

அலுவலர் அவரிடம் நேராகவே கேட்டார். "நீங்கதான் இந்தக் கம்பெனியில அந்த முகூர்த்த நாள்ல சேந்ததாச் சொன்னீங்களா?"

செபஸ்தி இடது கையை மேஜைமேல் வைத்தார். "சொன்னேன் சார். ஆனா இது அதுக்கு முந்தியே போயிருச்சு."

அலுவலர் கையைப் பார்த்தார். பிறகு அறிக்கையைப் பார்த்தார். சமரசம் முறிந்தது என்று எழுதினார். கோர்ட்டுக்குப் போகலாம் என்றார். செபஸ்தி போகவில்லை.

பஸ் ஸ்டாண்டில் அருப்புக்கோட்டை பஸ்ஸுக்கு நின்றோம். அவர் என்னைத் திட்டவில்லை. "மகளைக் காரியாபட்டியிலதான் குடுத்திருக்கு. பாரின் கம்பெனிக்காரர் வீட்டுப் பொண்ணுன்னு நல்லா வச்சிருக்காக. இப்ப வேலை இல்லேன்னா சம்பந்தகாரவுக என்ன நெனப்பாகன்னு தெரியல" என்றார். பிறகு, "நீங்க அன்னைக்கு ஓரத்துல என்னமோ எழுதுனீகளே, அது எங்க சார் போச்சு?" என்று கேட்டார்.

சென்னையில் அலமாரியில் இருக்கிறது என்றேன். பஸ் வந்தது. கையை உள்ளே மடக்கிக்கொண்டு ஏறினார்.

களத்துக்குப் போகும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தீர்கள் என்று கேட்காதீர்கள். கம்பெனி எந்த நாளிலும் புதிதாகப் பிறக்கும். இந்த மெஷினில் முதலில் எப்போது கை வைத்தீர்கள் என்று கேளுங்கள். பதிலை மார்ஜினில் எழுதாதீர்கள். கேள்வித்தாளில் அதற்கு ஒரு கட்டம் போட்டுத் தரும் வரை ஊருக்குப் பஸ் ஏறாதீர்கள்.