யூஜினாக்காவின் ஒரே வசனம்

கொட்டாஞ்சேனைச் சந்தியில் ரோல்ஸ் விற்கிற யூஜினாக்காவுக்கு வாய் மூடாது. அவ "மீன் ரோல்ஸ், சுடச்சுட!" என்று கத்தினால் துறைமுகத்துக் கப்பல் பதிலுக்கு ஊதும் என்பான் ஓட்டோக்காரப் பிறெடி. அப்படிப்பட்டவ நாலு படத்தில் நடித்திருக்கிறா. நாலிலும் ஒரு சொல் பேசவில்லை.

எல்லாம் றொபேட் மாஸ்டர் பார்த்த வேலை. கலியாணவீட்டுக் கமராவைக் கெஞ்சி வாங்கி, எந்தக் கம்பனியையும் நம்பாமல், தன்பாட்டில் முதல்முதல் படமெடுத்த டியூஷன் வாத்தியார் அவர். வெள்ளவத்தைக் கடற்கரையில் யூஜினாக்கா வசனம் பேச இருந்த நேரம் மைக் செத்துப்போனது.

"பேசாமக் கடலைப் பார் பிள்ளை" என்றார். பார்த்தா.

படம் வெளிநாடெல்லாம் சுற்றியது. ஆகா, என்ன மௌனம் என்று எழுதித் தள்ளினார்கள். அதுக்குப் பிறகு கமரா தூக்கினவனெல்லாம் அவவைக் கூட்டிக்கொண்டுபோய்க் கடலைப் பார்க்க வைத்தான். "மைக் பழுது தம்பி, வேற ஒண்டுமில்ல" என்று சொன்னால் பகிடி என்று சிரிப்பார்கள்.

மாஸ்டர் செத்தபிறகு, அவர் நினைவாகப் படமெடுக்க வெள்ளவத்தையிலிருந்து பிரியந்தன் என்றொரு பெடியன் வந்தான்.

"அன்ரி, இந்தமுறை உங்களுக்கு ஒரு வசனம் இருக்கு."

"கொச்சிக்கடை அந்தோனியார் மேல சத்தியமா?"

"நான் சைவக்காரன் அன்ரி. எண்டாலும் சத்தியம்."

வசனம் இதுதான்: "சாப்பிட்டியா மகன்?"

மா பிசையும்போதும் சொன்னா, பஸ்ஸில் தொங்கும்போதும் சொன்னா. சந்தியில் சொன்னால் ஓட்டோ ஸ்டாண்டே சேர்ந்து, "சாப்பிட்டன் மம்மீ!" என்று ஊளையிடும்.

"ஊளையிடுங்கடா நாய்களே! என்ட குரல் ஸ்பீக்கர்ல வரக்குள்ள வந்து கேளுங்க."

கமராவுக்கு முன்னால் ஒரே தடவையில் சொல்லி முடித்தா. பம்பலப்பிட்டி மண்டபத்தில் படம் போட்டார்கள். ஓட்டோ ஸ்டாண்டே வந்து பின்வரிசையில் குந்தியது. யூஜினாக்கா திருநாள் சேலையோடு முன்வரிசையில். திரை முழுக்க அவ முகம். வாய் திறந்தது. அவ இருக்கை நுனிக்கு நகர்ந்தா, இந்தா வரப்போகுது.

ஸ்பீக்கரில் கடல் இரைந்தது.

உதடு அசைந்து முடிந்தது. அலைச் சத்தம் மட்டும்தான். மண்டபமே எழும்பிநின்று கைதட்டியது. பிரியந்தன் மேடையேறி, "இது மாஸ்டரின் மௌனத்துக்கு நான் செய்த மரியாதை" என்றான்.

அவ எழும்பினா. "சாப்பிட்டியா மகன்?" என்று தொண்டை கிழியக் கத்தினா.

"உஷ்!" என்றார்கள் நாலு பக்கமும்.

"அன்ரி, அந்த மௌனத்தைக் கெடுத்துப்போடாதேங்கோ" என்றான் பிரியந்தன். அவன் கையிலிருந்த மைக் நல்லாத்தான் வேலை செய்தது.

அடுத்த நாள் காலை கூடையோடு சந்திக்கு வந்தா. ஓட்டோ ஸ்டாண்டில் ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. பிறெடி துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். மண்டபத்தில் கைதட்டினவர்களைவிட இந்தப் பாவம்பார்ப்புத்தான் அவவை மோசமாகக் குத்தியது.

கூடையை டங்கென்று வைத்தா.

"என்னடா, நீங்களும் படம் எடுக்கத் தொடங்கிட்டீங்களா?"

பிறெடி துணியைப் பார்த்தபடி, "இன்னும் சாப்பிடல்ல மம்மி" என்று முணுமுணுத்தான்.

"கேக்கல்ல! உன்ட மைக்கும் பழுதாடா?"