எழும்பினால் சரியும்

வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டிய துவாயில் சவர்க்காரமும் வெயிலும் கலந்த ஒரு வாசம் இருந்தது. அந்த வாசம் இன்றைக்கும் எங்காவது மூக்கில் பட்டால், பாலமுனையில் எங்கள் வீட்டு முன்மண்டபத்து நீள மரப்பலகை "வாங்கில்" உம்மாவும் நாங்கள் நாலு பிள்ளைகளும் வரிசையாக, அசையாமல், அஸர் தொழுகை முடிந்ததிலிருந்து மஃரிப் பாங்கு கேட்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்த பின்னேரங்கள் கண்முன்னே வந்துவிடும். அது விமானப் பயணத்துக்கான ஒத்திகை. எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது, தம்பி நஸீருக்கு ஏழு, தங்கை பரீனாவுக்கு நாலரை. கடைசித் தம்பி உம்மாவின் இடுப்பை விட்டு இறங்காத கைப்பிள்ளை. கட்டாரில் ஒரு கம்பனியில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்த வாப்பாவுக்குக் குடும்பத்தோடு இருக்க வீடு கிடைத்து, எங்களுக்குப் பயணச்சீட்டும் வந்திருந்தது. கூட்டிப்போக வர அவருக்கு லீவு மட்டும் கிடைக்கவில்லை.

அக்கரைப்பற்றுச் சந்தைக்கு அப்பால் உம்மா தனியே போனதே கிடையாது. அவருடைய மூத்த சகோதரரான எங்கள் பெரிய மாமா ஒவ்வொரு நாளும் வந்து, இந்தப் பயணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். ஒருநாள் எங்களை வாங்கில் கட்டிவைத்திருந்த கோலத்தைப் பார்த்து, "நாலு புள்ளையளையும் கொண்டு தனியப் போறயா? ஒண்டத் துலைச்சுப்போட்டு வந்து அழுவா, பாரு" என்றார். உம்மா திரும்பியே பார்க்கவில்லை. "நாலையும் அவர்ர கையில குடுத்துப்போட்டுக் கடிதம் போடுறன் காக்கா. இரிந்து வாசிங்க" என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகு, எங்களில் ஒருவரும் காணாமல் போகாமல் கட்டார் போய்ச் சேருவது உம்மாவின் மானப் பிரச்சினையாகிவிட்டது.

விமானத்தில் ஏறிய ஆள் என்று எங்கள் ஒழுங்கையில் ஒரேயொருவர்தான் இருந்தார், மக்காவுக்குப் போய்வந்த "ஹஜ்ஜும்மா". உம்மா அவரிடம் போய் விசாரித்தார். ஆனால் அந்த மனிசி போகும்போதும் வரும்போதும் கண்ணை இறுக மூடி ஓதிக்கொண்டே இருந்தவர். வயிற்றில் பட்டி கட்டுவார்கள், காது அடைக்கும், யன்னலால் கீழே பார்த்தால் நெஞ்சடைக்கும் என்பதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை. மிச்ச விமானத்தை உம்மா தனக்குத் தெரிந்த ஒன்றை வைத்துத்தான் கட்டி எழுப்பிக்கொண்டார். அவருக்குத் தெரிந்தது தோணி.

மாரி வெள்ளம் ஏறினால் எங்கள் வயல்களுக்குத் தோணியில்தான் போக வேண்டும். உம்மா சிறுமியாக இருந்தபோது யாரோ ஒருவர் நடுத் தண்ணீரில் திடீரென்று எழும்ப, தோணி சரிந்து, விதைநெல் மூட்டை அப்படியே போய்விட்டதாம். தண்ணீரில் மிதப்பதே எழும்பினால் சரியுமென்றால், ஒன்றுமில்லாத காற்றில் மிதப்பது எப்படிச் சரியும்? அதனால் ஒத்திகையின் ஒரே சட்டம், "ஒருத்தரும் எழும்பப்படா." பாரத்தையும் பிரித்து வைத்தார். வாங்கின் அந்தத் தலையில் நானும் நஸீரும், இந்தத் தலையில் உம்மாவும் பரீனாவும் கைப்பிள்ளையும். நஸீர் மூக்கைச் சொறியக் குனிந்தாலும், "சரியிது, சரியிது" என்று உம்மா சத்தம் போடுவார். நாங்களும் நம்பினோம். வாங்கு ஆடியதைக்கூட நான் ஒருநாள் உணர்ந்தேன்.

பெருநாளுக்குச் செய்வதுபோல ஒரே துணியில் ஆளுக்கொரு உடுப்பும் தைத்தார். பச்சையில் வெள்ளைப் புள்ளி. கைப்பிள்ளையின் தொப்பிக்கும் அதே துணிதான். எந்தச் சனக்கூட்டத்திலும் தன் பிள்ளைகளை ஒரு பார்வையில் பிடிக்க வேண்டுமே. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எங்களைக் கண்டவர்கள் சிரித்தார்கள். உம்மா அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டார். சிரிக்கிறவர்கள் மறக்க மாட்டார்களாம்.

விமானத்துக்குள் ஆட்கள் சர்வசாதாரணமாக எழும்பி நடந்து திரிந்ததைக் கண்டதும் உம்மாவின் முகம் வெளிறிப்போனது. "அறிவில்லாத சனம்" என்று முணுமுணுத்துவிட்டு, வீட்டில் பழக்கிய மாதிரியே எங்களை நடைபாதையின் இரண்டு பக்கமும் பிரித்து இருத்தி, கண்ணை மூடி ஓதத் தொடங்கினார். எனக்கு யன்னலோரம் கிடைத்தது. அதன் மூடியை ஒரு விரல் அளவு தூக்கினேன். நெஞ்சு அடைக்கவில்லை. கீழே முகில்கள், உதறி விரித்துக் காயப்போட்ட பஞ்சுபோல, கண் போகுமட்டும் கிடந்தன. மழையைப் பெய்யும் முகிலை மேலிருந்து பார்க்கிறோம் என்ற எண்ணம் வந்தபோது எனக்கு உடம்பு கூசியது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ தெரியாது. உம்மாவின் குரல்தான் என்னைத் திருப்பியது.

"புள்ளயக் காணல்ல."

பரீனாவின் பட்டி கழன்று கிடந்தது; ஆசனம் வெறுமை. உம்மா இருந்த இடத்தில் இருந்தபடியே குனிந்து ஆசனத்துக்கடியில் பார்த்தார், எட்டிய மட்டும் பின்னால் பார்த்தார். பச்சைப் புள்ளித் துணி எங்குமில்லை. விமானத்துக்குள் ஒரு பிள்ளை எங்கே போய்விட முடியும் என்று இன்றைக்குக் கேட்கலாம். கதவு என்று ஒன்று இருந்ததே, அதைத்தான் உம்மா பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பினால் சரியும். எழும்பாவிட்டால் பிள்ளை இல்லை. அவருடைய கை பட்டியின் மேல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

பிறகு கழற்றினார். கைப்பிள்ளையை இடுப்பில் வைத்து எழும்பினார். "நீயும் வா. இங்கிலீசு கதைக்க ஆள் வேணும்" என்றார் என்னிடம். நஸீருக்கு அடுத்து, வீட்டு வேலைக்குப் போகும் ஒரு சிங்களப் பெண்பிள்ளை, ஏறிய நேரம் முதல் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். தூங்கிப்போன நஸீரை உம்மா கையால் காட்ட, அவள் கண்ணைத் துடைத்துவிட்டு அவனுடைய தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். உம்மா தோணியில் நடப்பவரைப் போல இரண்டு காலையும் அகட்டி, ஓர் அடி வைத்து, அது சரிகிறதா என்று பார்த்து, அடுத்த அடி வைத்து, அந்த நீள நடைபாதை முழுவதையும் கடந்தார். நான் அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

முன்னால் நின்ற பணிப்பெண் என்னுடைய உடுப்புத் துணியைக் கண்டதும் நாங்கள் கேட்காமலே சிரித்து, ஒரு சின்னக் கதவைத் திறந்துவிட்டாள்.

உள்ளே பரீனா, பெரிய தொப்பியொன்று காதுவரை இறங்கியிருக்க, வாயில் இனிப்போடு விமானியின் பின்னால் ராசாத்தி மாதிரி இருந்தாள். சுவரெல்லாம், தலைக்கு மேலெல்லாம் சின்னச் சின்ன மணிக்கூடுகள். நான் அவற்றைப் பிறகுதான் பார்த்தேன். எங்களுக்கு முன்னால் வானம் முழுவதும் நின்றது. அதற்குக் கீழே நீலக் கடல்; கடல் முடியும் இடத்தில் வெள்ளைக் கோடு; கோட்டுக்கு அப்பால் ஒரு மரமும் இல்லாத மண்நிற மலைகள், கசங்கிய சேலைபோல மடிப்பு மடிப்பாக. தூரத்து விளிம்பு இலேசாக வளைந்திருப்பதாகப் பட்டது. உலகம் உருண்டை என்று எழுதிப் பள்ளிக்கூடத்தில் முழுப் புள்ளியும் வாங்கியவள் நான். அதை நம்பியது அந்த நிமிடத்தில்தான்.

பரீனாவுக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. உம்மா கதவு நிலையைப் பிடித்தபடி, வாயைத் திறந்து, பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாக, "கேளு புள்ள, இது எங்கட கடலா எண்டு" என்றார்.

எனக்குத் தெரிந்த மூன்று நாலு இங்கிலீசுச் சொற்களைப் பொறுக்கிக் கோர்த்துக் கேட்டேன். நரைத்த தலையுடைய அந்த விமானி சிரிக்கவில்லை. மடியில் கிடந்த படத்தை விரித்து, எங்கள் நாட்டின் கிழக்கு ஓரத்தில் விரலை வைத்து, தெற்கால் சுற்றி, இந்தியாவின் கீழால் இழுத்து, விரலைத் தூக்காமலே எங்களுக்கு முன்னால் தெரிந்த கரையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

உம்மா அந்த விரலையே பார்த்தார். "அப்ப நாங்க அவ்வளவு தூரம் வரல்ல" என்றார்.

திரும்பி வரும்போது அவர் காலை அகட்டவில்லை. எங்கள் வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல நடந்தார். கட்டாரில் இறங்கி வாப்பாவைக் கண்டதும் முதலில் சொன்னது, "நாலையும் எண்ணி எடுங்க. காக்காக்கு இண்டைக்கே கடிதம் எழுதுவம்." கடிதத்தில் பரீனா காணாமல் போன கதை இருக்கவில்லை. இருக்கக் கூடாது என்று உத்தரவு.

போன வருடம், என் இரண்டு பிள்ளைகளோடு நானும் அப்படித் தனியே விமானம் ஏற வேண்டியிருந்தது. புறப்படுமுன் தொலைபேசியில் கதைத்தபோது, இப்போது பாலமுனையில் இருக்கும் உம்மா சொன்னது ஒன்றுதான்: "புள்ளையளக் கட்டிப்போட்டு வெச்சிரிக்காத. எழும்பி முன்னுக்குப் போய்ப் பாக்கச் சொல்லு. சரியாது."

மகளை அனுப்பினேன். போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். "முன்னுக்கு ஒரு கதவுதான் உம்மா இரிக்கி. பூட்டிக் கிடக்கு. போய் இருக்கட்டாம்" என்றாள். சுற்றிலும் யன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. ஆளாளுக்கு முன்னால் ஒரு சின்னத் திரை மின்னிக்கொண்டிருந்தது. அவளுடைய திரையிலும் உலகப் படம் ஓடியது. அதில் எங்கள் நாட்டின் கிழக்கு ஓரத்தில் விரலை வைத்து, விமானி செய்ததுபோல இழுக்கப் பார்த்தேன். விரல் பட்டதும் படம் முழுவதும் நழுவி எங்கேயோ போய்விட்டது.

திரையை விட்டுவிட்டு யன்னல் மூடியைத் தூக்கினேன். கீழே கடல் இருந்தது. மகள் மறுபடி பூட்டியிருந்த பட்டியைத் தானே கழற்றி எழும்பி, என் மடியில் ஏறி, கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் சின்னவனும் எழும்பினான். விமானம் சரியவில்லை.