ஜன்னல் கம்பியில் சிக்கிய கொம்பு

என் ஆடுகள் தீனிக்குப் போடும் கடலைக்கொடியை மிதித்து வீணாக்குகின்றன என்று, எங்கள் தெருவிலிருந்து பிரான்சுக்குக் குடிபோனவர் வீட்டில் கழித்துப்போட்ட ஜன்னல் கம்பிச் சட்டத்தைக் கொட்டகைச் சுவரில் சாய்த்துப் பொருத்தி, அதன் பின்னால் கொடியை அடைத்தேன். ஒரு இலைகூடச் சிந்தவில்லை. தெருவெல்லாம் பெருமை பேசினேன்.

பக்கத்து வீட்டு அஞ்சலை அரியாங்குப்பம் போகும்போது தன் ஆட்டை என்னிடம் விட்டாள். “உங்க ஆட்டுக்குக் கொம்பு கிடையாது. இதுக்கு இருக்கே, மாட்டிக்காதாக்கா?” என்றாள். “எனக்குத் தெரியாதா?” என்று சிரித்தேன்.

கடைக்குப் போய்த் திரும்பினால், கம்பிக்குள் விட்ட தலையை எடுக்க முடியாமல் அது மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. கம்பியை வளைத்து மீட்பதற்குள் ஒரு கொம்பு முறிந்தது. வந்தவளிடம், “உன் ஆடு பேராசை பிடிச்சதுடி” என்றேன். அவள் முறிந்த கொம்பைத் தடவிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.

இப்போது வாய் மட்டும் நுழையும்படி நெருக்கமாக மரச்சட்டம் அடித்திருக்கிறேன். சிந்தும் இலையைப் பிடிக்கக் கீழே கூடை வைத்திருக்கிறேன். அஞ்சலை இன்றும் ஆட்டை என்னிடம்தான் விடுகிறாள். ஆனால் போகுமுன் சட்டங்களுக்கிடையே கையை விட்டுப் பார்க்கிறாள். அப்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.