பிரேக்குக்கு அடித்த எண்ணெய்

எட்டாம் வகுப்பை முடிக்காமல் கிளம்பியவன் நான். சிங்கப்பூர் எனக்கு ஐந்தாவது ஊர். கம்பி கட்ட வந்தேன். ஓட்டுநர் உரிமம் இருந்ததால் பிக்கப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். காலையில் விடுதி வாசலில் ஒன்பது பேரை ஏற்றி, காத்தோங் பகுதியில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில் இறக்கிவிட்டு, பிறகு நானும் அவர்களோடு கம்பி கட்டுவேன்.

அந்த வண்டி பிரேக் போட்டால் கிறீச்சென்று கத்தும். பக்கத்து அடுக்குமாடிக்காரர்கள் தினமும் புகார் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை சூப்பர்வைசர் என்னைத் தனியே கூப்பிட்டார். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்; இந்த ஊர் வழக்கப்படி பேச்சில் 'லா' சேர்ப்பார்.

"மண்டே அந்தச் சத்தம் கேட்கக் கூடாது லா. கேட்டுச்சுன்னா உன் வொர்க் பெர்மிட்ட கேன்சல் பண்ணச் சொல்லிடுவேன்."

"வொர்க்‌ஷாப்ல விட்டுடலாமா சார்?"

"அதுக்கு அடுத்த வாரக் கடைசிதான் டைம். சத்தம் மட்டும்தானே, பிரேக் பிடிக்குதுல்ல? ஏதாவது பண்ணு."

ஊரில் எனக்கு வீடும் இல்லை, வேலையும் இல்லை. மனைவியும் பிள்ளையும் என் அக்கா வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டிருந்தார்கள். பெர்மிட் போனால் அந்தக் கூடத்தில் நானும் போய்ப் படுக்க வேண்டும். அன்று முழுக்க வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் கூடும் தேக்காவில், விடுதியில் கூடத் தங்கியிருப்பவர்கள் புல்தரையில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நான் எழுந்துபோய் ஒரு ஹார்டுவேர் கடையில், "கிறீச்சுன்னு சத்தம் வருது, ஏதாவது இருக்கா?" என்றேன்.

"இத அடிங்கண்ணே. கதவு, ஜன்னல், சைக்கிள் எதுவானாலும் வாய மூடிக்கும்" என்று கடைக்காரர் ஒரு ஸ்பிரே டப்பாவை நீட்டினார்.

எதில் சத்தம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வெயில் இறங்குவதற்குள் முன்சக்கரம் இரண்டிலும் பிரேக் இடுக்கில் டப்பாவின் குழாயை விட்டுச் சொட்டச் சொட்ட அடித்தேன். ஓட்டிப் பார்க்கவில்லை. அப்போதும் சத்தம் வந்தால் என்ன செய்வது என்று பயம்.

திங்கள் காலை, அடுத்த தெருவிலிருந்து வண்டியை எடுத்து விடுதி வாசலுக்கு வந்தேன். மிதித்தேன். சத்தமே இல்லை. வண்டியும் நிற்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்தேன். முன்சக்கரம் நடைபாதையில் ஏறி, கம்பிவேலியில் இடித்து நின்றது. ஒன்பது பேரும் வழக்கமாக நிற்கிற இடம் அது. தெருமுனையில் வண்டி கத்துவதைக் கேட்டுத்தான் அவர்கள் மாடியிலிருந்து இறங்கி வந்து நிற்பார்கள். அன்று கத்தாததால் ஒருவரும் வந்திருக்கவில்லை.

பிறகுதான் சாப்பாட்டுப் பையோடு வந்தார்கள். புதுக்கோட்டைக்காரன் ஒருவன், "என்ன மாப்ள, பூனை மாதிரி வந்து வேலியில முட்டிக்கிட்டு நிக்கிற? வண்டிக்கு வாயக் கட்டிட்டியா?" என்றபடி பின்னால் ஏறினான். மற்றவர்களும் ஏறினார்கள். நான் ஓட்டுநர் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சூப்பர்வைசர் போனில் கேட்டார். "ஏறியாச்சா? ஏழரைக்கு கான்கிரீட் வந்துடும்."

"ஏறிட்டாங்க சார்."

மெதுவாக, கைப்பிரேக்கை வைத்தே போய்விடலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். பின்னால் எடுத்துத் திருப்பி, பத்தடி நகர்த்தி மிதித்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டே போனது. பின்னால் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நெடுஞ்சாலையில் முன்னால் போகிற லாரி சட்டென்று நின்றால்? கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தி, சாவியை உருவினேன்.

"எல்லாரும் இறங்குங்க."

"விளையாடுறியா? நேரமாச்சு!"

"பிரேக் பிடிக்கல. நேத்து நான்தான் எண்ணெய் அடிச்சேன்."

ஒவ்வொருவராக இறங்கினார்கள். பிறகு புதுக்கோட்டைக்காரன், "பிரேக்குக்கு எண்ணெய் அடிக்கிற டிரைவர இப்பதான்யா பார்க்கிறேன். ஒன்ன நம்பியா தெனமும் பின்னால குந்தியிருந்தோம்?" என்றான். இந்தமுறை சிரிக்கவில்லை.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "யாரையும் ஏத்தாத. அங்கேயே நில்லு" என்றார். பெர்மிட் என்ன ஆகும் என்று கேட்டேன். "இப்ப ஒண்ணும் கேட்காத லா."

வேறு வண்டி வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போனது. நான் பிக்கப்புக்குக் காவலாக நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை பெர்மிட்டை ரத்து செய்தார்கள். எண்ணெய் அடித்ததற்கா, ஆட்களை இறக்கிவிட்டதற்கா என்று யாரும் சொல்லவில்லை. திங்களன்று கான்கிரீட் கொட்ட இரண்டு மணி நேரம் தாமதம் என்று மட்டும் அவர்கள் நீட்டிய காகிதத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.