மாமனுக்கும் சேர்த்துக் காதுகுத்து

அந்த வியாழக்கிழமை காலையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, என் தங்கச்சி, அவள் வீட்டுக்காரரான எங்கள் மாப்பிள்ளை, அவர்களுடைய பதினோரு மாதப் பயல். ஆக ஐந்து பேர். பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னலில் உட்கார்ந்திருந்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, அதற்குப் போன் பார்க்கத் தெரியாது. இவ்வளவு சுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு என் போனிலிருந்து ஒரு படம் போனது. அதை அனுப்பியது யார் என்று கேட்டால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஆளாளுக்கு வேறு பக்கம் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குன்றக்குடியில் பயலுக்கு மொட்டை. மத்தியானம் மானகிரியில் எங்கள் வீட்டுப் பந்தலில் காதுகுத்து, சாப்பாடு. காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். அதனால் செலவும் பெரும்பாலும் மாமன் மடியிலேயே வந்து உட்காரும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பஞ்சர் கடை வைத்திருக்கிறவன் மடியில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கவலைப்பட்டேன், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்பிள்ளையாக இருந்தாலும் மொட்டை போடுவதற்கு முன்னால் ஒருநாள் பாவாடை சட்டை போட்டு, சடை பின்னி, பூ வைத்து, மை தீட்டி ஒரு படம் எடுத்துவிடுவார்கள். அவனுக்குக் கல்யாணம் ஆகும்வரை அந்தப் படத்தைக் காட்டிக் கேலி பண்ணலாம். எங்கள் மாப்பிள்ளை வீட்டு ஹாலில் அப்படி ஏழு படங்கள் கண்ணாடி போட்டு வரிசையாக மாட்டியிருக்கின்றன. ஏழும் ஸ்டுடியோவில் எடுத்தவை. மூன்றாவது படத்தில் எங்கள் மாப்பிள்ளை, பச்சைப் பாவாடையும் நெத்திச்சுட்டியுமாக, வரன் பிடிக்காத பெண்போல உட்கார்ந்திருப்பார்.

தங்கச்சி ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டாள்: “அண்ணே, அந்த வரிசையில எம்பிள்ளை எட்டாவதா நிக்கணும். படம் நல்லா இல்லைன்னா, மாமன்காரன் காசைப் பாத்துட்டான்னு எங்க பெரிய மாமா வருசம் பூராச் சொல்லிக்கிட்டே இருப்பாக. முடி போனாப் போனதுதான். மறுபடி எடுக்க முடியாது.”

பெரிய மாமா என்பவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. அந்த ஏழு படங்களுக்கும் காசு கொடுத்தவர் அவர்தான். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கொடுத்தார் என்பது அந்த வீட்டுக்குப் போய் ஒரு காபி குடித்த எல்லோருக்கும் தெரியும்.

ஸ்டுடியோக்காரரைக் கேட்டேன். வீட்டுக்கு வந்து எடுக்க நாலாயிரத்து ஐந்நூறு என்றார். நானே போனில் எடுத்துக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன். காசுக்காக இல்லை, பயத்துக்காக. பிளாஷ் வெளிச்சம் பிள்ளை கண்ணுக்கு ஆகாது என்று என் கடைக்கு வரும் வாத்தியார் ஒருவர் சொல்லியிருந்தார்.

“அவரு கணக்கு வாத்தியாருல்ல?” என்றாள் என் மனைவி.

“கணக்கு வாத்தியாருக்கும் கண்ணு இருக்குல்ல.”

“உங்களுக்குப் பயமும் காசும் ஒரே பையிலதான் இருக்கு. எதை எடுத்தாலும் மத்தது கூடவே வருது.”

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஒரு வேலையை ஒப்புக்கொண்டால் அது எத்தனை விதமாகக் கெட்டுப்போகும் என்று முதலில் யோசித்துவிடுவேன். புதன்கிழமை பூராவும் யோசித்தேன். கட்டிலில் உட்கார வைத்தால் விழுவான் என்று தரையில் பாய் விரித்து, சுற்றிலும் தலையணை போட்டேன். வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடியில் மாட்டிப் பின்னால் தொங்கவிட்டேன். கிளிப் தெறித்துப் பிள்ளை மேல் விழுமோ என்று கிளிப்பை எடுத்துவிட்டுக் கயிற்றால் கட்டினேன். ஜன்னல் வெளிச்சம் ஒன்பதரை மணிக்குமேல்தான் பாயில் விழுகிறது, பத்தரைக்கு மேல் நகர்ந்துவிடுகிறது என்பதை மூன்று நாள் கவனித்து வைத்திருந்தேன். அந்த ஒரு மணி நேரத்துக்குள் பயல் குளித்து, பால் குடித்து, தூங்காமல் இருக்க வேண்டும். போனில் இடம் இல்லை என்று காட்டியது. யார் யாரோ அனுப்பிய காலை வணக்கங்களை உட்கார்ந்து அழித்தேன்.

முதலில், பந்தலில் கட்டப்போகும் பேனருக்காக ஆண்பிள்ளை வேஷம். சின்ன வேட்டி, சின்னச் சட்டை. நான் அவன் கண் மட்டத்துக்குத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டேன். பயல் என்னைப் பார்க்கவில்லை. மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தான். விசிறியை நிறுத்தினேன். நின்ற விசிறியைப் பார்த்தான்.

“இங்குட்டுப் பாருடா, மாமனைப் பாருடா” என்றாள் தங்கச்சி.

“மாமனைப் பாத்தா எப்படிச் சிரிப்பான்? ஆட்டைப் பாத்தாத்தான் சிரிப்பான்” என்று மாப்பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் நின்று ஆடுபோலக் கத்தினார். பயல் அலறி அழுதான். பூனை ஜன்னலைவிட்டு இறங்கிப் போய்விட்டது.

“மாப்பிள்ளை, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.”

“மச்சான், நீங்க படுத்துக்கிடக்கிற மாதிரியைப் பாத்தா எனக்கே அழுகை வருது. பிள்ளை என்ன பண்ணும்?”

சாவிக்கொத்தை ஆட்டினோம். எவர்சில்வர் தட்டைத் தட்டினோம். எண்பது படம் எடுத்ததில் அறுபதில் அழுகை, பத்தொன்பதில் விசிறி. ஒன்றே ஒன்றில் நேராகப் பார்த்தான். கடன் கேட்டு வந்தவனைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பேனருக்கு இதுவே போதும் என்று முடிவு செய்தேன்.

அடுத்தது பெண்பிள்ளை வேஷம். விரல் நீள முடியில் தங்கச்சியும் என் மனைவியும் சேர்ந்து சவுரி வைத்துப் பின்னி, நுனியில் குஞ்சலம் கட்டி, சடை முழுக்க மல்லிகை சுற்றினார்கள். அரக்குப் பாவாடை. காலில் இரவல் கொலுசு. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. சவுரி பாரம் கழுத்தைப் பிடித்துவிடுமோ என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

“மதினி, இவுகளுக்கும் ஒரு சடை பின்னி விடுங்க. அப்பவாச்சும் வாயைத் திறக்காம இருப்பாக” என்றாள் தங்கச்சி.

வேட்டிக்கு முன்னால் உட்கார வைத்தோம். பயல் காலை அசைத்தான், கொலுசு சத்தம் கேட்டது. எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்த்தான், குஞ்சலம் கண்ணில் பட்டது. அதைப் பிடிக்கத் திரும்பினால் குஞ்சலம் அந்தப் பக்கம் போனது. இந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் வந்தது. இரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு, தோளுக்கு மேலாக என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அந்த நேரத்தில் என் விரல் சரியாக விழுந்தது. என் வாழ்நாளில் இப்படி ஒரு காரியம் முதல் தடவையே சரியாக அமைந்ததில்லை.

தங்கச்சி போனை வாங்கிப் பார்த்தாள். கொடுத்துவிட்டு மறுபடி வாங்கிப் பார்த்தாள்.

வெளிச்சம் நகர்ந்துவிட்டது. பேனருக்கான கடன்காரன் படத்தைத் தேர்ந்தெடுத்துச் செக்காலை ரோட்டில் இருக்கும் பிளக்ஸ் கடைக்கு அனுப்பினேன். கூடவே வாசகமும் தட்டினேன்: ‘எங்கள் மருமகன் காதணி விழாவிற்கு வருகை தரும் அனைவரையும் வரவேற்கும் தாய்மாமன்.’ என் கடைப் பலகை முதற்கொண்டு எழுதிக் கொடுப்பவர் அந்தக் கடைக்காரர்தான். நான் எழுத்துப்பிழையோடு அனுப்புவேன், அவர் கேட்காமலே திருத்திவிடுவார். ஆயிரத்து நானூற்று நாற்பது என்று பேசி, ஐந்நூறு முன்பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தேன். போனைப் பாயில் வைத்துவிட்டு, முக்காலியில் ஏறி வேட்டியை அவிழ்க்கப் போனேன். என் மனைவியும் மாப்பிள்ளையும் பயலைத் தூக்கிக்கொண்டு மை கழுவக் கொல்லைப்பக்கம் போனார்கள். கயிற்றுக்கு நான் போட்டிருந்த முடிச்சு எனக்கே அவிழவில்லை, வெகுநேரம் ஆனது.

சனிக்கிழமை சாயங்காலம் பேனர் வந்தது. தெருவில் கட்டினால் போலீஸ் கேட்பார்களோ என்று பந்தலுக்குள்ளேயே கட்டச் சொல்லியிருந்தேன். சுருளைப் பிரித்தோம். பன்னிரண்டடி அகலத்தில் மல்லிகைச் சடையும் குஞ்சலமுமாக எங்கள் பயல் தோளுக்கு மேலாகத் திரும்பிச் சிரித்தான். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு மட்டும் தோசைக்கல் அளவு இருந்தது. ஓரத்தில், முன்பணத்தோடு கொடுத்திருந்த படத்தில் நான் கைகூப்பிக்கொண்டு, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று முன்பே தெரிந்தவன்போல நின்றேன். கீழே கொட்டை எழுத்தில், ‘எங்கள் மருமகள் காதணி விழா.’

மாப்பிள்ளை சிரித்துச் சிரித்துப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கடைக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, நீங்க மருமகன்னு அடிச்சிருந்தீக. படத்தைப் பாத்தா பொம்பளைப் பிள்ளை. வழக்கம்போல எழுத்து மாறிப்போச்சுன்னு நானே ‘ள்’ போட்டுட்டேன்.”

“அது பையன்யா.”

“சடை, கொலுசு எல்லாம் இருக்கேண்ணே.”

“மொட்டைக்கு முந்தி எடுக்கிறதுய்யா. உமக்குத் தெரியாதா?”

“தெரியும்ணே. ஆனா அதை யாரு பேனர் அடிக்கிறாக? இப்பப் படம் தப்பா, எழுத்து தப்பா, அதைச் சொல்லுங்க.”

வேறு அடித்துக் கொடுக்கச் சொன்னேன். நாளைக்கு முகூர்த்தம், மிஷின் ஓயவில்லை, திங்கட்கிழமை தருகிறேன் என்றார்.

“திங்கக்கிழமை அதை வச்சுக்கிட்டு யாருக்குக் காது குத்துறது?” என்று போனை வைத்தேன்.

“உங்களுக்குத்தான் ஏற்கெனவே யாரோ நல்லாக் குத்திட்டாகளே” என்றாள் என் மனைவி.

பேனரை அவிழ்த்துவிடலாம் என்று ஏறினேன். “இருக்கட்டும்ணே, எழுத்தை மட்டும் மாத்துங்க” என்றாள் தங்கச்சி. சிரிக்காமல் சொன்னாள். சரி என்று என் கடையிலிருந்து பழைய டியூபை எடுத்து வந்து ‘ன்’ வெட்டினேன். இரண்டு சுழியா மூன்று சுழியா என்று என் மனைவியை இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். வெள்ளைத் தாளால் ‘ள்’ளை மறைத்து, அதன்மேல் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் தடவி ஒட்டினேன். இப்போது சடை வைத்த பெண்பிள்ளைக்குக் கீழே ‘மருமகன்’ என்று இருந்தது. முன்னதாவது ஒரு மாதிரி பொருந்தியிருந்தது.

அதற்குள் மாப்பிள்ளை பழைய ‘ள்’ளோடு அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். மறுநாள் பந்தலுக்கு வந்த சீரில் மூன்று கவுன், ஒரு ஜோடி கொலுசு, ஒரு டஜன் பிள்ளை வளையல். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு பயல் என் மடியில் உட்கார்ந்திருந்தான். கொண்டு வந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள், பேனரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு அவர்கள் மேல் பயமில்லை. பெரியப்பா எப்போது வருவார் என்றுதான் பந்தல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் பேனர் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தங்கச்சி அவருக்கு இரண்டடி பின்னால், தாம்பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

“யாரு எடுத்தது இது?”

“எங்க அண்ணன், மாமா. போன்லதான்.”

“ஏழு படம் எடுத்து மாட்டிருக்கேன். ஒண்ணுலயாவது ஒரு பய சிரிச்சிருக்கானா?” என்றார். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, “உன் படத்தைக் கழட்டிட்டு அந்த இடத்துல இதை மாட்டு. நீ அதுல பாக்கிற பார்வைக்கு வீட்டுக்கு வர்ற ஆளே குறைஞ்சு போச்சு.”

தங்கச்சி தாம்பாளத்தோடு சமையல்கட்டுப் பக்கம் போனாள். போகும்போது அவள் சடை ஆடியது. நான் காது குத்த வந்த ஆசாரியிடம் பயலின் காதைக் காட்டினேன். பயல் அழுதான், நான் அவனைவிடக் கொஞ்சம் கூடுதலாக அழுதேன் என்று இப்போதும் சொல்கிறார்கள். அது சந்தன வாசனை கண்ணில் ஏறியது.

ஒரு வாரம் கழித்துப் பிளக்ஸ் கடையில் பாக்கி கேட்டார்கள். தப்பு யாருடையது என்று பார்க்கப் போனைத் திறந்தேன். நான் அனுப்பிய வாசகம் இருந்தது. அதற்கு மேலே, கடன்காரன் படம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், ‘இந்தச் செய்தியை நீக்கிவிட்டீர்கள்’ என்று இருந்தது. வாசகத்துக்குக் கீழே பதினோரு நிமிடம் கழித்துச் சடைப்படம் போயிருந்தது. அனுப்பிய செய்தியை எப்படி நீக்குவது என்று எனக்குத் தெரியாது. என் மனைவிக்கும் மாப்பிள்ளைக்கும் தெரியும், ஆனால் அவர்கள் கொல்லைப்பக்கத்தில் மை கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் முக்காலியில் முடிச்சோடு நின்றுகொண்டிருந்தேன். மீதி ஒரு ஆள். பூனையும் போய்விட்டது.

தங்கச்சியைப் போனில் கூப்பிட்டேன். “ஏத்தா, அந்தப் பாக்கியை யாரு கொடுக்கிறது?”

“எந்தப் பாக்கிண்ணே?”

“பிளக்ஸ் பாக்கி. படத்தை மாத்தினவுகதானே கொடுக்கணும்?”

“அது மாமன் சீருல்ல. நான் கொடுத்தா உங்களுக்குத்தான் கௌரவக் குறைச்சல்” என்றாள். பின்னால் பயலின் சிரிப்பும், யாரோ காலில் மறுபடி மாட்டிவிட்ட கொலுசுச் சத்தமும் கேட்டன.

கடைக்காரரிடம், நான் கேட்காமல் நீர் திருத்தினதால்தானே இவ்வளவும் என்று சொல்லிப் பார்த்தேன். இத்தனை வருசம் திருத்தினதற்கெல்லாம் காசு கேட்டேனா என்று அவர் திருப்பிக் கேட்டார். இதை எழுதும் வரைக்கும் நான் கொடுக்கவில்லை, தங்கச்சியும் கொடுக்கவில்லை. பாக்கி, ரூபாய் தொள்ளாயிரத்து நாற்பது.