கடைசி அறைக்கு எட்டாத வைஃபை

டீச்சர் என்று எல்லோரும் கூப்பிட்டாலும் அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவர் அல்ல. பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்கு மறுபடியும் பேச்சை வரவழைப்பது அவர் தொழில். மருத்துவமனையின் ஒரு சின்ன அறையில் இருபது வருடமாக அதைச் செய்துவந்தார். பொறுமைக்குப் பேர் வாங்கியவர். ஒருவர் 'தண்ணி' என்ற ஒற்றைச் சொல்லுக்கு நாற்பது நாள் எடுத்துக்கொண்டபோதும் முகம் சுளிக்காமல் எதிரே உட்கார்ந்திருந்தவர். அப்படிப்பட்டவர் நான்கே மாதத்தில் வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுகிற ஆளாக மாறினார் என்றால், அதற்குக் காரணம் வைஃபை.

மருத்துவமனையில் இட நெருக்கடி. பேச்சுப் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்து, மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே வீடியோ அழைப்பில் நடத்தச் சொல்லிவிட்டார்கள். தூரத்து ஊர்க்காரர்களுக்கு அது பெரிய வசதி. டீச்சருக்கும் ஆரம்பத்தில் சந்தோஷம்தான்.

ஆனால் வீடு ஒத்துழைக்கவில்லை. அது ரயில்பெட்டி மாதிரி நீளமான வீடு. முன் அறை, அதன் பின்னால் மாமனாரின் படுக்கையறை, பிறகு சாப்பிடும் இடம், சமையலறை, கடைசியில் தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைத்திருந்த ஒரு சின்ன அறை. சத்தம் வராத இடம் அது ஒன்றுதான் என்று டீச்சர் அதைக் காலிசெய்து மேசை போட்டுக்கொண்டார். ரவுட்டர் இருந்ததோ முன் அறையில், டிவிக்குப் பின்னால். இணைப்பு கொடுக்க வந்த ஆள், கையிலிருந்த ஒயர் எதுவரை எட்டியதோ அதோடு வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டான். நடுவில் நான்கு சுவர்கள். நான்கும் மாமனார் கூடவே நின்று கட்டியவை. குடிநீர் வாரியத்தில் குழாய் போடும் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். அந்தச் சுவரில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும்.

அந்த நேரத்தில் டீச்சரிடம் வந்து சேர்ந்தவர் ஒரு லாரி டிரைவர். ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த கை ஒரு காலையில் தூக்க வரவில்லை. கூடவே பேச்சும் போயிற்று. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். அவர் சொல்ல நினைப்பதும் மனதில் தெளிவாக இருக்கும். வாய்க்கு மட்டும் வராது. "ஆ… ஆ…" என்று இழுத்துவிட்டு, மனைவியைப் பார்த்துக் கையை உதறுவார்.

இப்படிப்பட்டவர்களுக்கு டீச்சர் ஒரு படத்தைக் காட்டி முதல் எழுத்தை மட்டும் உச்சரிப்பார். பாலைக் காட்டி "பா…" என்பார். உதட்டைப் பார்த்து அவர்கள் மீதியை முடிக்க வேண்டும். அதன்பிறகு பத்து விநாடி வாயே திறக்காமல் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து விநாடிதான் வைத்தியம்.

மருத்துவமனையில் அந்த மௌனம் அவருக்குப் பழக்கமானது. கடைசி அறையிலோ, டிரைவர் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறாரா, இல்லை நெட் நின்றுபோய்விட்டதா என்பதே தெரியவில்லை. இரண்டிலும் முகம் ஒரே மாதிரி அசையாமல் இருந்தது. கடைசியில் ஓர் அடையாளம் கண்டுபிடித்தார். டிரைவரின் தலைக்கு மேலே ஒரு மின்விசிறி தெரிந்தது. அது சுற்றினால் மனிதர் யோசிக்கிறார். அது நின்றால் நெட் போய்விட்டது. நோயாளியின் உதட்டைக் கவனிக்க வேண்டியவர், ஒருநாள் அழைப்பு முழுக்க அவர் வீட்டு விசிறியைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"இந்த வீட்ல ஒரு வேலையும் உருப்படியா செய்ய முடியாது!" என்று சத்தம் போட்டுக்கொண்டே சமையலறைக்கு வந்தார்.

அவர் கணவர் அச்சகத்தில் பிற்பகல் ஷிஃப்டில் இருந்ததால் காலைச் சமையல் அவர் பொறுப்பு. மிக்ஸியை நிறுத்திவிட்டு, "அவ்வளவுதானே? நான் பாத்துக்கறேன், விடு" என்றார்.

மறுநாள், வைஃபையை நீட்டித் தரும் என்று ஒரு எக்ஸ்டெண்டரோடு வந்தார். வெள்ளை நிறத்தில், இரண்டு காது வைத்து, பிளக்கில் நேராகச் சொருகுகிற மாதிரி ஒரு டப்பா. நேரே கடைசி அறைக்குப் போய் டீச்சரின் மேசைக்குப் பக்கத்திலேயே சொருகினார். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

"பாரு, எல்லாக் கோடும் நிக்குது. முன் ரூம்ல கூட இப்படி நின்னதில்ல."

"கோடு நிக்குதுங்க. நெட் எங்க?"

"வரும். இப்பதானே போட்டிருக்கு, சூடாகணும்."

"இது என்ன இஸ்திரிப் பெட்டியா, சூடாக?"

வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. கணவர் அதன் காதுகளை மேலே நிமிர்த்திப் பார்த்தார், பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தார். "கம்பெனி சரியில்ல" என்றார். டீச்சர் வேறு வழியில்லாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறை மேடை ஓரத்தில் உட்கார்ந்தார். அங்கே படம் ஓரளவு வந்தது. கூடவே குக்கர் விசிலும் வந்தது. "டீச்சர், இன்னைக்கு உங்க வீட்ல என்ன சமையல்?" என்று டிரைவரின் மனைவி ஆசையாக விசாரித்தார். மிக்ஸி ஓடிய இரண்டு நிமிடமும் டிரைவர் பயந்துபோய்க் காதைப் பொத்திக்கொண்டார். டீச்சர் மறுபடியும் கடைசி அறைக்கே போனார்.

அந்த வாரம்தான் அது நடந்தது. டீச்சர் "பா…" என்று சொல்லி வாயை மூடினார். விசிறி நின்றது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. டீச்சர் மேசையில் தலையைச் சாய்த்துவிட்டார். சற்று நேரத்தில் கைபேசி அடித்தது. டிரைவரின் மனைவி.

"டீச்சர்! அவரு பேசிட்டாரு டீச்சர்! முழுசா, நல்லா, சத்தமா பேசிட்டாரு! உங்களுக்குக் கேட்டுச்சா?"

டீச்சர் துள்ளி எழுந்தார். "கேக்கலியே அக்கா! என்ன சொன்னாரு?"

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"எப்படிச் சொல்றது… உங்க முகம் அப்படியே நின்னுபோச்சு. வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. அவரு அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம்…"

"பரவால்ல, சொல்லுங்க."

"'நாசமாப் போற சனியனே'ன்னாரு. உங்கள இல்ல டீச்சர், சத்தியமா உங்கள இல்ல! நெட்டத்தான்!"

டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பேச்சு போனவர்களுக்கும் திட்டு தங்கியிருப்பது உண்டு. யோசித்துச் சொல்கிற சொல் ஒரு வழியாக வரும். கோபத்தில் தானாக வருவது வேறு வழியாக வரும். ஒரு வழி திறந்திருக்கிறது என்றால் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகலாம். எந்த எழுத்தில் நாக்கு தடுமாறியது, எவ்வளவு தெளிவாக வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டிய நேரம் அது. மூன்று மாதம் காத்திருந்த முதல் பேச்சு. அதைக் கேட்க வேண்டிய ஒரே ஆள், நின்றுபோன படத்துக்கு முன்னால் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்றைக்குப் பிற்பகலே டீச்சர் வேலையில் இறங்கினார். கைபேசியில் நெட் வேகத்தை அளக்கிற ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு அறையாக நடந்தார். முன் அறையில் தொண்ணூறு. மாமனார் அறை வாசலில் எழுபது, கட்டில் தலைமாட்டில் ஐம்பது. அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் ஒரேயடியாக ஒன்பது. டீச்சர் திரும்பிப் பார்த்தார். நடுச்சுவரை அடைத்துக்கொண்டு மாமனாரின் இரும்பு பீரோ நின்றது, ஆளுயரக் கண்ணாடியோடு. அதைத் தாண்டினால் சாப்பிடும் இடத்தில் ஆறு, சமையலறையில் மூன்று, கடைசி அறையில் ஒன்று. கதவைச் சாத்தினால் அதுவும் இல்லை.

எக்ஸ்டெண்டர் என்பது தானாக நெட்டை உண்டாக்குவதில்லை, தனக்கு வருவதைத்தான் வாங்கித் தள்ளிவிடுகிறது என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்றுமே வராத இடத்தில் அதைச் சொருகிவிட்டு இரண்டு வாரமாகக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதைப் பிடுங்கிக் கொண்டுவந்து, பீரோவுக்கு முன்னால், மாமனாரின் கட்டில் தலைமாட்டில் இருந்த பிளக்கில் சொருகினார். கடைசி அறையில் பன்னிரண்டு காட்டியது. சமாளிக்கலாம்.

இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் டிரைவரின் பிற்பகல் பயிற்சிக்கு நடுவே சரியாக இரண்டு மணிக்கு நின்றது. நான்காம் நாளும் இரண்டு மணிக்கு. ஐந்தாம் நாள் டீச்சர் அழைப்பை அப்படியே விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்துபோனார். மாமனார் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். சுவிட்ச் அணைந்திருந்தது.

"மாமா, நீங்களா இத ஆஃப் பண்றது?"

"ஆமா. பச்சை வெளிச்சம் கண்ணுல மினுக் மினுக்குனு குத்துது. மனுஷன் மத்தியானம் அரை மணி நேரம் கண் அசர வேணாமா?"

டீச்சருக்குத் தலைக்குமேல் கோபம் ஏறியது. ஆனாலும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். தெருவுல கடைசி வீட்டுக்குத் தண்ணி ஏறலன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நடுவுல பம்ப் வெச்சுத் தள்ளுவோம்."

"கடைசி வீட்டு வாசல்ல வெக்க மாட்டீங்களா?"

"தண்ணியே வராத எடத்துல பம்ப் வெச்சா காத்துதான் வரும். எந்த மடையன் அப்படி வெப்பான்?"

"உங்க பிள்ளதான் வெச்சாரு. நான் எடுத்து நடுவுல வெச்சேன். அந்தப் பம்ப்பத்தான் நீங்க தினம் ரெண்டு மணிக்கு நிறுத்திட்டுத் தூங்கறீங்க. அந்தக் கடைசியில ஒருத்தர் 'பால்'னு சொல்ல மூணு மாசமா போராடிட்டு இருக்காரு."

மாமனார் எழுந்து உட்கார்ந்தார். சுவிட்சைப் போட்டார். பச்சை வெளிச்சத்தின்மேல் ஒரு மாத்திரை அட்டையைச் சாய்த்து வைத்து மறைத்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று முணுமுணுத்தார். நெட் இல்லாமல் வேலை நடக்கவில்லை என்று டீச்சர் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

அதிலும் ஒரு குறை இருந்தது. படம் நிற்கவில்லை; ஆனால் குரல் பின்தங்கி வந்தது. உதடு முன்னே போக, சத்தம் பின்னே வந்தால், உதட்டைப் பார்த்துச் சொல்லக் கற்றுக்கொள்கிறவர் குழம்பிப்போவார். டிரைவர் குழம்பினார். டீச்சர் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டார்: "ரவுட்டர்லேர்ந்து ஒயர் இழுத்தே ஆகணும். சுவத்துல ஓட்டை போட்டாலும் சரி."

"சுவத்துல கை வெக்கக் கூடாது" என்றார் மாமனார். பிறகு சாதத்தைப் பிசைந்துகொண்டே, "வெளிச்சுவரோட போகட்டும். நானே போடறேன்" என்றார்.

போட்டார். முன் அறை ஜன்னல் வழியாக வெளியே வந்து, வெளிச்சுவரை ஒட்டிக் கடைசி அறைவரை ஒயர். இரண்டு முழத்துக்கு ஒரு கிளிப். நூல் பிடித்த மாதிரி நேர்க்கோடு. அதற்கு மூன்று நாள் ஆயிற்று. கடைசி அறை ஜன்னல் சட்டத்தில் ஒயர் பருமனுக்குச் சரியாக ஒரு துளை போட்டு, "ஒரு எறும்புகூட நுழையாது" என்றார்.

எறும்பு மட்டுமல்ல, ஒயரின் முனையிலிருந்த பிளக்கும் நுழையவில்லை.

"அப்பா, ஒயர் அளவுக்குத் துளை போட்டா பிளக் எப்படிப் போகும்?" என்றார் கணவர்.

"பிளக் இருக்குன்னு நீ சொன்னியா?"

"கண்ணுக்குத் தெரியலையா?"

"துளையப் பெருசு பண்ணினா மழைத் தண்ணி வரும். நான் பண்ண மாட்டேன்."

டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். "ரெண்டு பேரும் தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போங்க." சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்துவந்து பிளக்கை அவரே வெட்டி எறிந்தார். ஒயரைத் துளைக்குள் விட்டார். புதுப் பிளக் மாட்டிக்கொடுக்க இணைப்புக்காரன் வந்தது ஐந்தாம் நாள். அந்த ஐந்து நாளும் ஒயர் மேசைமேல் மொட்டையாகக் கிடந்தது. டீச்சர் அதைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தார். கணவர் கையேட்டை வரிவரியாகப் படித்து எக்ஸ்டெண்டரைக் கடைசி அறைக்கே கொண்டுவந்து அந்த ஒயரிலேயே மாட்டிக்கொடுத்தார். ஒரு மாதத்தில் அவர் செய்த உருப்படியான காரியம் அது. கடைசி அறையில் எண்பத்தெட்டு காட்டியது.

டிரைவர் அடுத்த திங்கட்கிழமையே 'பால்' என்றார். டீச்சர் அதைத் தன் காதால் கேட்டார். பிறகு 'பாய்', 'மழை', 'மாடு'. ஒரு நாளைக்கு ஒன்று, சில நாள் ஒன்றுமில்லை. திட்டு மட்டும் திரும்ப வரவில்லை; நெட் நிற்காததால் அவருக்குக் கோபம் வர வழியில்லை. டீச்சர் கடிகாரத்தை வைத்துப் பத்து விநாடி காத்திருந்தார், பழைய டீச்சராக.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் வீட்டுச் சாமான் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். சாவி வந்தது. "சா…" என்று டீச்சர் தொடங்குவதற்கு முன்பே டிரைவர் முன்னால் குனிந்தார்.

"சாவி" என்றார். பிறகு பக்கத்தில் திரும்பி, மனைவியைப் பார்த்து, "வண்டி… சாவி… எங்க?"

மனைவியின் முகம் மாறியது. "என்ன?"

"எங்க… வெச்ச?"

"டீச்சர், நீங்களே பாருங்க! ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னைக்கே எடுத்து மறைச்சு வெச்சேன். எட்டு மாசமா மனசுல வெச்சிருந்து கேக்கறாரு பாருங்க! ஒரு கை வரல, இவருக்கு வண்டி ஓட்டணுமாம்! இதுக்குத்தான் பேசக் கத்துக் குடுத்தீங்களா?"

"குடு" என்றார் டிரைவர்.

"தர மாட்டேன்."

"என்… வண்டி."

"உங்க வண்டிதான். உசுரு என்னுது!"

பேச முடியாமல் இருந்தவரோடு எட்டு மாதம் ஒருதலையாகப் பேசிக்கொண்டிருந்த அந்த அம்மாள் இப்போது இடுப்பில் கைவைத்துச் சண்டைக்கு நின்றார். டிரைவரும் விடவில்லை. சொல் சொல்லாகத் தேடிப்பிடித்து வீசினார். டீச்சர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பேனாவை எடுத்து அவர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டே வந்தார். பதினேழாவது சொல்லில் அறைக் கதவு திறந்தது. கையில் போனோடு மாமனார்.

"இங்கதாம்மா நெட் நல்லா எடுக்குது. ஓரமா உக்காந்துக்கறேன்."

"மாமா, வெளிய போங்க!" என்று டீச்சர் கத்தியதில் திரையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவரும் ஒரு கணம் வாயடைத்துப்போனார்கள்.