பிடித்த வசனம் வரும்வரை

ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று எந்தத் தோல் தொழிற்சாலையிலும் நான் ஒன்றிரண்டு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. கிடைத்த இடத்தில் படுப்பேன், கிடைத்ததைச் சாப்பிடுவேன், ஊர் சலித்ததும் பையைத் தூக்கிக்கொள்வேன்.

கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஆண்டவரிடம் கேட்பேன். எங்கள் சபைக்காரர்கள் பலருடைய வீட்டில் வாக்குத்தத்தப் பெட்டி இருக்கும். என் பையிலும் ஒன்று உண்டு, சோப்புப் பெட்டி அளவு. உள்ளே வசனம் அச்சிட்ட சின்ன அட்டைகள். ஜெபித்துவிட்டுக் கண்ணை மூடி ஒன்றை எடுத்தால், அன்றைக்கு அவர் சொல்வது அது. எடுத்தது பிடிக்காவிட்டால், ஜெபம் சரியில்லை என்று அதை உள்ளே போட்டுவிட்டு இன்னொன்று எடுப்பேன். நாலைந்து தடவைக்குள் புறப்படச் சொல்லும் வசனம் ஏதாவது வந்துவிடும். இதைத்தான் பல வருடம் கீழ்ப்படிதல் என்று நினைத்திருந்தேன்.

ஆம்பூரில் ஷேவிங் மிஷினில் உதவியாளாகச் சேர்ந்தேன். தோலின் அடிப்பக்கத்தைச் சீவி ஒரே தடிமனுக்குக் கொண்டுவரும் மிஷின் அது. அதை ஓட்டியவர் என் வயதுக்காரர், எல்லாருக்கும் பாய். ஒரு வெள்ளிக்கிழமை ஆர்டர் அவசரம், மிஷினை நிறுத்த முடியவில்லை. ஜும்மா தொழுகைக்குப் போகும்போது பாய் என்னை நிற்கவைத்துவிட்டுப் போனார். உதவியாள் மிஷின் ஓட்டக்கூடாது என்பது விதி. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் எல்லாரும் அப்படித்தான் சமாளித்தார்கள்.

"அளவு வெச்சிட்டேன். நீ தோல வுட்டு எடுத்தா போதும். அளவுல கை வெக்காதே, இன்னா?"

"சரி பாய், நீங்க போங்க."

அவர் போனதும் அளவைப் பார்த்தேன். பேரணாம்பட்டில் இதே மாதிரித் தோலை இன்னும் மெல்லியதாகச் சீவியிருக்கிறோம். பாய் அவசரத்தில் தப்பாக வைத்துவிட்டார், நாம் சரிசெய்வோம் என்று மாற்றிவிட்டேன். அங்கே சீவியது ஷூவின் உள் லைனிங்குக்கு, இது தடிமன் வேண்டிய மேல்பாகத்துக்கு என்பது அப்போது எனக்குத் தெரியாது. சீவிய தோல் திரும்பத் தடிக்காது. பாய் வந்து ஒரு தோலை விரலால் நசுக்கிப் பார்த்தபோது, ஓர் அடுக்கு முழுவதும் கெட்டுப்போயிருந்தது.

"நான் வெச்சிட்டுதானே போனேன்?" என்று என்னைக் கேட்டார். "வெச்சேன்ல?"

"தெரியல பாய்" என்றேன்.

அந்த நொடியிலேயே சொல்லிவிடு என்று உள்ளே கேட்டது. சத்தமில்லை, வெளிச்சமில்லை. போய்ச் சொல், அவ்வளவுதான். நான் தோலை அடுக்கிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் வந்தார். தொழுகைக்கு ஓடுகிற அவசரத்தில் அளவு வைக்காமல் போய்விட்டதாகப் பாயைத் திட்டினார். திங்கட்கிழமை மேனேஜர் முடிவு சொல்வார், அதுவரை உள்ளே வராதே என்று அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியைத் திறந்தேன். முதல் அட்டை துக்கப்படுகிறவர்களுக்கு ஆறுதல். இரண்டாவது சத்துருக்களைப் பற்றி. ஐந்தாவதில், பயப்படாமல் புறப்பட்டுப் போ என்கிற பொருளில் ஒன்று வந்தது. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வேலூர் பஸ் ஏறினேன். லாங் பஜாரில் மூட்டை இறக்கும் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

பள்ளிகொண்டா தாண்டியதும் பாய் போன் செய்தார்.

"இன்னா தோஸ்த், சர்ச் முடிஞ்சிதா?"

"இப்பத்தான் பாய்."

"எனக்கும் சேத்து ஒரு துவா பண்ணுப்பா. வேலை போனா கூட வேற பாத்துக்கலாம். ஆனா அளவு வெச்சேனா இல்லியான்னு எனக்கே தெரில. உங்களுக்கு மறதி ஜாஸ்தி ஆயிடுச்சு, அடுப்பக் கூட அணைக்காம வர்றீங்கன்னு உங்க அண்ணி கிண்டல் பண்றா. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசில எங்க பேரே தெரியாம போச்சு அவருக்கு."

"பண்றேன் பாய்" என்று வைத்தேன்.

சொன்னதற்காகவாவது ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன். ஆண்டவரே, பாய்க்கு மனச்சமாதானம் கொடும் என்றேன். வெள்ளிக்கிழமை உள்ளே கேட்டதே திரும்பக் கேட்டது: போய்ச் சொல். அவருக்கான சமாதானம் என் வாயில் இருக்க, அதை மேலேயிருந்து தரச்சொல்லி வேண்டிக்கொண்டிருந்தேன். விரிஞ்சிபுரம் போகும் பிரிவில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் ஆம்பூர் பஸ்ஸுக்கு நின்றேன். கீழ்ப்படிந்தால் சந்தோஷம் வரும் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். எனக்குப் பஸ்தான் வந்தது, ஏறினேன்.

பாய் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னேன். "நீங்க அளவு வெச்சிட்டுத்தான் போனீங்க பாய். நான்தான் மாத்தினேன்."

"இன்னா சொன்னே?"

மறுபடி சொன்னேன். அவர் உள்ளே திரும்பிக் கத்தினார். "கேட்டியா? நான் வெச்சிட்டுத்தான் போயிருக்கேன்!" சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

"கை வெக்காதேன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க."

"அங்கியே கேட்டேனே உன்ன."

"கேட்டீங்க."

"ரெண்டு நாளா பைத்தியம் புடிக்கிற மாதிரி இருந்தேன். நீ பாத்துட்டு சும்மா இருந்தே. போடா."

"டீ வெச்சிருக்கேன், குடிச்சிட்டு போவட்டும்" என்று அவர் மனைவி உள்ளேயிருந்து சொன்னார்.

"ஒண்ணும் வேணாம்" என்றார் பாய்.

திங்கட்கிழமை மேனேஜரிடமும் சொன்னேன். "எத்தினி கம்பெனி பாத்திருக்கே நீ? எல்லா எடத்துலயும் இதே வேலைதானா?" என்று கேட்டார். என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். என்னை ஓட்டவிட்டதற்காகப் பாய்க்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், ஆனால் வேலை அதே மிஷினில் தொடர்ந்தது. நான் கணக்கு முடித்து வெளியே வரும்போது பாய் தோலை விட்டு எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்போது ராணிப்பேட்டையில் இருக்கிறேன். இரண்டு முறை அவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. இனிமேலும் எடுக்காமல் இருக்கலாம். ஆனால் ஆம்பூரில் அதே கம்பெனியில் வேலை செய்கிற ஒருவன் போன வாரம் சந்தையில் எதிர்ப்பட்டான். பாய் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன்.

"அவருக்கு இன்னா? போன வருஷம் ஓட்டின தோல் லாட்டுக்குக் கூட அளவு கேட்டா டக்குனு சொல்றாரு" என்றான்.